கவனித்து அனுப்புங்கள்

“அடிகளே, நல்ல சொல் ஒன்றைச் சொன்னதற்காக ஒருவரின் தலையை எடுக்கலாமா?”

மலையேறி வந்த நடுவர் அரிட்டன், வணங்கி நிமிரும் முன்பே இதைக் கேட்டுவிட்டார்.

நாகமதிக் குரத்தியார் குகை வாயிலில் அமர்ந்திருந்தார். மலைமேல் இருந்த சமணப் பள்ளிக்கு அவர் தலைவி. அரிட்டனுக்கு நெறி கற்பித்தவர். வயதில் அரிட்டனே மூத்தவர்.

“காலையில் புறப்படுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர். வெயில் சாய்ந்துவிட்டதே, நடுவரே?”

“மழை பெய்த வழி, அடிகளே. எங்கும் எறும்பு. ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன்.”

குரத்தியார் மேற்கே பார்த்தார்.

“உட்காரும். யாருடைய தலை?”

அரிட்டன் உட்கார்ந்தார். அவருடன் வந்த அவைக் காவலன் கூத்தன், தடியைப் பாறையில் சாய்த்துவிட்டு எட்டவே நின்றான்.

“கணவாய்ச் சுங்கச் சாவடியில் ஒரு வணிகன் இறந்தான். பெயர் பூதன். உப்புக் கழுதைகளோடு வந்தவன்.”

“இறந்தானா, கொல்லப்பட்டானா?”

“அடித்தார்கள். இறந்தான்.”

“சொல்லும்.”

“மேகம் திரண்டுவிட்டது. மழைக்குமுன் கணவாயைத் தாண்ட விடுங்கள், உப்பு கரைந்துவிடும் என்று கேட்டான். காத்திரு என்றார்கள். வாயாடினான். ‘உங்கள் தலைவர் மேகத்துக்கும் சுங்கம் கேட்பாரா?’ என்றான். மழவன் என்ற காவலனைப் பார்த்து, ‘அந்த மீசைக்கு நீ என்ன சுங்கம் கட்டுகிறாய்?’ என்றான். சாவடியே சிரித்தது. சாவடித் தலைவர் நக்கனும் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து, வீட்டுக்குப் போகும்போது, ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.”

“என்ன?”

“இவரைக் கொஞ்சம் கவனித்து அனுப்புங்கள்.”

ஆற்றுக்குத் தெற்கே இக்கதையைச் சொல்வோர் பூதனின் கழுதைகள்மேல் உப்பை ஏற்றுவர். வடக்கே சொல்வோர் வெல்லத்தை ஏற்றுவர். மழையில் இரண்டும் கரையும். நக்கன் சொன்னதாக வரும் இச்சொல்லில் மட்டும் ஓர் எழுத்தும் வேறுபடுவதில்லை.

“பிறகு?”

“மழவன் பூதனை உள்ளே இழுத்துப் போனான். கொற்றன் என்ற இன்னொரு காவலன் கதவைச் சாத்தினான். கதவு திறந்தபோது பூதனுக்கு உயிர் இல்லை.”

“நீர் என்ன முடிவு செய்தீர்?”

“அடித்தவன் மழவன். அவன் மறுக்கவில்லை. கதவைச் சாத்தி அவனுக்குத் துணைநின்றவன் கொற்றன். கொன்றவருக்கும் கொலைக்குத் துணைநின்றவருக்கும் தலை போகும் என்பது அரசாணை. இருவருக்கும் அதுவே தீர்ப்பு.”

“நக்கன்?”

“நான் முதலில் கேட்டது அவர் தலையைப் பற்றித்தான். தண்ணீர் கொடுத்து, நனையாமல் இருக்க இடம் கொடுத்து அனுப்புங்கள் என்ற பொருளில் சொன்னேன் என்கிறார். ஊருக்கு வரும் அடியார்களையும் அதே சொல்லால்தான் உபசரிக்கச் சொல்வாராம். அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். சொல்லில் குற்றமில்லை. அவர் வீடு போகலாம்.”

“எப்போது அறிவிக்கிறீர்?”

“இன்று சூரியன் மறையுமுன்.”

“எல்லாம் முடிந்திருக்கிறது. எதற்கு மலையேறினீர்?”



“கொற்றன் அழுகிறான், அடிகளே.”

“மழவன்?”

“அவன் அழவில்லை.”

சிற்றுயிர்களை மிதிக்காமல் விலக்குவதற்காக வைத்திருந்த மயிற்பீலி குரத்தியாரின் மடியில் கிடந்தது. அதை எடுத்து, தமக்கு முன்னிருந்த பாறையை மெல்லப் பெருக்கினார். ஈசல் இறகுகள் சில பறந்தன.

“சாத்தியது கொற்றன். எதற்காகச் சாத்தினான்?”



“முதல் நாள் ஒரு காரணம் சொன்னான். மறுநாள் வேறொன்று சொன்னான்.”

“முதலாவதைச் சொல்லும்.”

“சொன்னால் சிரிப்பீர்கள். அவை சிரித்தது.”

“நான் சிரிப்பேனா இல்லையா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“தூறல் விழுந்ததும் ஈசல் கிளம்பிவிட்டதாம். சாவடிக்குள் விளக்கு எரிந்தது. ஈசல் விளக்கில் விழுந்து சாகுமே என்று கதவைச் சாத்தினானாம். அவனும் நம் நெறியைச் சேர்ந்தவன். சாத்திய பிறகு, அதற்குமுன் உள்ளே வந்துவிட்ட ஈசல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சன்னல் வழியே விட்டுக்கொண்டிருந்தானாம்.”

“அவன் முதுகுக்குப் பின்னால்?”

“மழவனும் பூதனும்.”

குரத்தியார் சிரிக்கவில்லை.

“அவையில் ஒருவர் எழுந்து, ‘அப்படியானால் சாட்சி சொல்ல ஈசலையே அழையுங்கள்’ என்றார். நானும் சிரித்துவிட்டேன்.”

“அவன் பூதனின் குரலைக் கேட்கவில்லையா?”

“கேட்டிருக்கிறான். கொஞ்சம் என்றுதானே தலைவர் சொன்னார், கொஞ்சத்தில் நின்றுவிடும் என்று எண்ணினானாம். நிற்கவில்லை. திரும்பிப் பார்த்து, ‘போதும், மழவா’ என்றானாம். மழவனும் அதை ஒப்புக்கொள்கிறான். ‘மீசையைச் சொன்னானே, அதற்கு இது’ என்று சொல்லிக்கொண்டே மேலும் அடித்ததாகவும் ஒப்புக்கொள்கிறான்.”

“போதும் என்றவன் பிறகு கதவைத் திறந்தானா?”

“இல்லை.”

“ஏன்?”

“வெளியே இன்னும் ஈசல் இருந்ததாம்.”

குகைக்குள்ளிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது. குரத்தியார் கண்களை மூடிக்கொண்டார்.

“நடுவரே, அது என்ன குற்றம்?”

“பெயர் தெரியவில்லை, அடிகளே.”

“பெயர் தெரியாத குற்றத்துக்குப் பெயர் தெரிந்த தண்டனையைக் கொடுக்கிறீர்.”

“நீங்கள்தானே கற்பித்தீர்கள்! செய்தல், செய்வித்தல், உடன்படுதல். மூன்றாலும் வினை சேரும் என்று.”

“சேரும்.”

“அப்படியென்றால் மூன்றும் ஒன்றுதானே?”

“அந்தக் கணக்கை வினை பார்த்துக்கொள்ளும். அது அவசரப்படாது. அதற்கு அவையும் இல்லை, வாளும் இல்லை. உமக்கு இரண்டும் இருக்கின்றன. உம்மிடம் நான் கேட்பது வேறு. கதவைச் சாத்தியபோது பூதன் சாகவேண்டும் என்று கொற்றன் நினைத்தானா?”

“முதல் நாள் சொன்னதை நம்பினால், இல்லை.”

“பூதன் செத்துவிடுவான் என்று தெரிந்தாவது சாத்தினானா?”

“அதை நம்பினால், அதுவும் இல்லை. ஆனால் மறுநாள் அவனே வேறுவிதமாகச் சொன்னானே!”

“என்ன சொன்னான்?”

“கூக்குரல் வெளியே கேட்காமலிருக்கச் சாத்தினேன், மழவனும் நானும் முன்பே பேசிக்கொண்டோம் என்றான். தெளிவாகச் சொன்னான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதனால் அதை ஏற்றேன்.”

“யாரும் சிரிக்கவில்லை என்பதற்காகவா?”

“பொருத்தமாக இருந்தது, அடிகளே. கதவு சாத்துபவர்கள் அதற்காகத்தான் சாத்துவார்கள்.”

“ஓர் இரவுக்குள் அவன் காரணத்தை மாற்றியது எது?”

“ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் பசியோடு நின்றான், நா குழறியது. அவையைக் கலைத்துவிட்டு, ‘இவனைக் கொஞ்சம் கவனித்து, நாளை அழைத்து வாருங்கள்’ என்றேன். அவ்வளவுதான்.”

குரத்தியார் கண்களைத் திறந்தார்.

பாறையில் சாய்ந்து நின்ற கூத்தன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினான்.

“முதலில் நீர் கேட்ட கேள்விக்கு வருவோம்” என்றார் குரத்தியார். “நல்ல சொல் என்றீர்.”

அவர் குகைக்குள் திரும்பி, அங்கிருந்த இரு மாணாக்கியரை அழைத்தார்.

“நடுவர் தொலைவிலிருந்து வந்திருக்கிறார். அவரைக் கவனியுங்கள்.”

ஒருத்தி ஓலைத்தடுக்கு கொண்டுவந்து விரித்தாள். மற்றவள் துணியில் வடிகட்டிய நீரை மண்குவளையில் ஊற்றி, அவர்முன் வைத்தாள்.

அரிட்டனின் முகம் தெளிந்தது.

“இதைத்தான் நக்கன் சொல்கிறார், அடிகளே! அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் செய்வது இதுதான். மழவன் தடி எடுத்தது மழவனின் குற்றம்.”

“இருக்கலாம். இனி நீர் சொல்லும்.”

“நானா? எதை?”

“அதே சொல்லை. உம் காவலனிடம். இந்தப் பெண்ணைக் காட்டிச் சொல்லும்.”

நீர் கொண்டுவந்த மாணாக்கி அங்கேயே நின்றாள்.

அரிட்டனுக்கு இது விளையாட்டுப்போலத் தோன்றியது. இருந்தாலும் ஆசிரியர் சொன்னதை அவர் தட்டியதில்லை. அவையில் அமர்ந்திருக்கும்போது பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“கூத்தா.”

“ஐயா.”

“இந்தப் பெண்ணைக் கவனித்து அனுப்பு.”

கூத்தன் நடுவரைப் பார்த்தான். மாணாக்கியைப் பார்த்தான். மறுபடி நடுவரைப் பார்த்தான். அவன் கை பாறையில் சாய்ந்திருந்த தடியின்மேல் போயிற்று, எடுக்கவில்லை.

“இவரையா, ஐயா?”

“ஆமாம்.”

கூத்தனின் குரல் தாழ்ந்தது.

“எந்த அளவுக்கு, ஐயா?”

“என்ன அளவு?”

“கொஞ்சமா, நன்றாகவா?”

மாணாக்கி ஓரடி பின்வாங்கினாள். குவளை அவள் காலில் பட்டு உருண்டது.

யாரும் அதை எடுக்கவில்லை.

“உளறாதே!” அரிட்டன் எழுந்துவிட்டார். “அவளுக்கு உணவு கொடு என்றேன்! நீர் கொடு என்றேன்!”

“ஐயா உணவு என்று சொல்லவில்லையே.”

“கவனி என்றால் உனக்கு என்ன பொருள்?”

கூத்தன் தலை குனிந்துகொண்டான்.

“நடுவர் கேட்கிறார், கூத்தா. சொல்” என்றார் குரத்தியார். “அவரிடம் பயம் வேண்டாம். அவருக்கே தெரியாதது எதையும் நீ சொல்லப்போவதில்லை.”

“அம்மையே, கோயிலில் சொன்னால் வேறு. கல்யாண வீட்டில் சொன்னால் வேறு. தடி வைத்திருப்பவனிடம் சொன்னால்...”

“சொன்னால்?”

“கொஞ்சம் என்றால் எலும்புக்குச் சேதமில்லாமல். நன்றாக என்றால்...” அவன் நிறுத்தினான். “நன்றாக என்றால் பிறகு கேள்வி வராது.”

“எல்லாச் சாவடியிலும் இப்படித்தானா?”

“எல்லாச் சாவடியிலும்தான். அவையிலும்தான்.”

“நக்கனுக்கு இது தெரியுமா?”

கூத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

“அவரும் எங்களைப்போலத் தடி பிடித்துத் தலைவரானவர்தானே, அம்மையே.”

“நீர் கவனித்தீரா, நடுவரே?” என்றார் குரத்தியார்.

அரிட்டன் நின்றபடியே இருந்தார். அவர் பேசியபோது சொற்கள் தனித்தனியாக வந்தன.

“நக்கன் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.”

“கொல்லச் சொன்னாரா?”

“கொஞ்சம் என்றார். கொல்லச் சொல்லவில்லை. அந்தக் கொஞ்சத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.”

“கொஞ்சத்துக்குமேல் விழுந்த அடி?”

“மழவனுடையது. தன் மீசைக்காக அவன் அடித்தது.”

“மழவனை அந்த அறையில் தடியோடு விட்டுப்போனவர் யார்?”

அரிட்டன் பாறையில் சாய்ந்திருந்த தடியைப் பார்த்தார்.

“அதை நீர் ஆராய வேண்டும்” என்றார் குரத்தியார். “ஒருவர் சொன்ன கொஞ்சம் இன்னொருவர் கையில் எவ்வளவாகும் என்பது சொன்னவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேளும். அதற்கு ஒரு மாலை போதாது.”

“போதாது.”

“கொற்றன்?”

“கொற்றன் கதவைச் சாத்தினான். ஆனால் அவன்...” அரிட்டன் சட்டென்று கூத்தனிடம் திரும்பினார். “அன்றிரவு கொற்றனுக்கு என்ன நடந்தது?”

“நீங்கள் சொன்னபடிதான், ஐயா.”

“நான் என்ன சொன்னேன்?”

“கொஞ்சம் கவனித்து அழைத்து வரச் சொன்னீர்கள்.”

“அவன் பசியோடு இருந்தான்! சோறு கொடுங்கள் என்றுதான்...”

“அவன் சொன்ன காரணத்துக்கு நீங்கள் சிரித்தீர்கள், ஐயா. சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நாங்கள் வேறென்ன நினைப்போம்? நல்ல காரணமாகச் சொல்லும்வரை கவனித்தோம்.”

வடகரைப் பாடத்தில் இந்த இடத்தில் அரிட்டன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். தென்கரைப் பாடத்தில் அழுகை இல்லை. பழைய பாடம் அதுவே என்று கொள்ளலாம். அழுவதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை.

“அப்படியென்றால் அவனுடைய இரண்டாவது வாக்குமூலம் அவனுடையது அல்ல” என்றார். “அது என்னுடையது. நான் அவன் வாயில் போட்டது.”

குரத்தியார் உருண்டு கிடந்த குவளையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“தீர்ப்பை நிறுத்துகிறேன், அடிகளே. நாளை அவையைக் கூட்டி, முதலிலிருந்து தொடங்குகிறேன். கொற்றனை மறுபடியும் கேட்கிறேன். இந்தத் தடவை சிரிக்கமாட்டேன்.”

அவர் கைகூப்பினார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியவர்போல இருந்தார். ஒரு பெரிய தவற்றுக்குள் காலை வைத்து, வைத்த காலை எடுத்துவிட்டவரின் முகம் அது.

“புறப்படலாமா?”

“புறப்படும்.” குரத்தியார் மேற்கே பார்த்தார். மலை நிழல் பாதி ஊரை மூடியிருந்தது. “கொற்றன் இப்போது எங்கே இருக்கிறான்?”

“அவைக்குப் பின்னாலுள்ள கொட்டடியில்.”

“தனியாகவா?”

“காவலர் இருக்கிறார்கள்.”

“அழுகிறான் என்றீர். காலையில் நீர் புறப்படும்போதும் அழுதானா?”

“ஆமாம். இரண்டு நாளாக ஒன்றும் உண்ணவில்லை. பார்க்கப் பொறுக்கவில்லை. நான் திரும்பி வரும்வரை அவனை...”

அரிட்டன் நிறுத்தினார்.

அந்தச் சொல் அவருடைய நாக்கின்மேல் இருந்தது. அதை அவர் வெளியே விடவில்லை.

கூத்தன் முடித்தான்.

“கவனிக்கச் சொன்னீர்கள், ஐயா.”

காற்று நின்றிருந்தது. கீழே, ஊரில், அவை கூடுவதற்கான முதல் முரசு ஒலித்தது.

“கொஞ்சம் என்றுதானே சொன்னேன்?” அரிட்டனின் குரல் அவருக்கே கேட்கவில்லை. “கூத்தா. கொஞ்சம் என்றுதானே?”

கூத்தன் தரையைப் பார்த்தான்.

“நன்றாக என்றீர்கள், ஐயா.”

குரத்தியார் எழுந்தார். மயிற்பீலியை எடுத்து அரிட்டனிடம் நீட்டினார்.

“வழியெங்கும் எறும்பு என்றீரே, நடுவரே.”

அரிட்டன் பீலியைப் பார்த்தார். குரத்தியாரைப் பார்த்தார்.

கை நீட்டவில்லை.

அவர் ஓடினார்.